இல்லை என்று எழுதும் முன்

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியில் கேராஸ் மரபணு மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கூடவே என்ராஸ், பிராஃப், பிறகு டிஎன்ஏவின் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள். ரிப்போர்ட்டை வாங்கும் புற்றுநோய் மருத்துவர் மேலே உள்ள எதையும் படிக்காமல் நேரே கடைசி வரிக்குப் போவார். மியூட்டேஷன் உண்டா, இல்லையா? உண்டு என்று எழுதுவது எனக்கு எளிது. ஆதாரம் திரையில் நிற்கும். இல்லை என்று எழுதுவதுதான் கடினம். தேடியது கிடைக்கவில்லை என்பது வேறு, அது அங்கே இல்லவே இல்லை என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளப்பதில்தான் என் தொழிலின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

மருந்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த ‘இல்லை’தான். பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு செடுக்ஸிமாப், பனிட்டுமுமாப் என்று இரண்டு ஆன்டிபாடி மருந்துகள் உண்டு. அமெரிக்காவில் முதலாவதற்கு 2004லும் இரண்டாவதற்கு 2006லும் அனுமதி கிடைத்தது. புற்றுச் செல்லின் மேற்பரப்பில் இஜிஎஃப்ஆர் என்றொரு ஏற்பி இருக்கிறது. ‘வளர், பெருகு’ என்ற செய்தி அதன் வழியாக உள்ளே போய் ராஸ் புரதத்தைத் தட்டி எழுப்பும். மருந்து அந்த ஏற்பியை வெளியிலிருந்து அடைத்துவிடும். ஆனால் கேராஸ் போன்ற ஒரு ராஸ் மரபணுவே மாறிப்போயிருந்தால், யாரும் எழுப்பாமலே அது விழித்திருக்கும். வாசலில் அழைப்பு மணியின் பொத்தானை யாரும் தொடாமல் காவல் நிற்கிறோம். உள்ளே ஒயர் ஒட்டிக்கொண்டு மணி அடித்தபடியே இருக்கிறது. காவலால் என்ன பயன்?

இதை ஊகமாக அல்லாமல் எண்களாகக் காட்டியது 2008ல் வெளியான ஓர் ஆய்வு. கனடா, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சேர்ந்து நடத்தியது. வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளில் ஒரு பாதிக்கு செடுக்ஸிமாப், மறுபாதிக்கு வலியும் உபாதையும் தணிக்கும் சிகிச்சை மட்டும். கேராஸ் மாறாதவர்கள் மருந்தோடு சராசரியாக 9.5 மாதம் வாழ்ந்தார்கள், மருந்தில்லாமல் 4.8 மாதம். கேராஸ் மாறியிருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நாலரை மாதம்தான். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் கேராஸ் மாறியிருக்கும். அவ்வளவு பேரும் பயனில்லாத மருந்தை, முகமும் மார்பும் பருப்பருவாக வெடிக்க வெடிக்க ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் குறிப்பையே மாற்றி எழுதியது. அந்தக் காலத்தில்தான் நான் நோயியல் மேற்படிப்பை முடித்து இந்தத் துறைக்கு வந்தேன். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் ஒவ்வொரு சுற்று மருந்தையும் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை அப்போது பார்த்திருக்கிறேன். வேலை செய்யாத மருந்துக்கு ஒரு குடும்பம் நிலத்தை விற்கக் கூடாது என்பதுதான் என்னை இந்த வேலையில் உட்கார வைத்தது. இன்றும் உட்கார்ந்திருக்கக் காரணம் அதுவே.

சோதனை என்றதும் எல்லோருக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. லேபைச் சுற்றிப் பார்க்க வரும் மாணவர்கள், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் அறையின் வாசலில்தான் கூட்டமாக நிற்பார்கள். நான் அவர்களை முதலில் மைக்ரோஸ்கோப்புக்கு அழைத்துவருவேன்.

வருவது ஒரு மெழுகு பிளாக். இரண்டு விரல்களுக்குள் அடங்கிவிடும். வெள்ளை மெழுகுக்கு நடுவே பழுப்பாக ஒரு துண்டு. டெக்னீஷியன் அதை மைக்ரோடோமில் பொருத்தி, நான்கு மைக்ரான் கனத்தில் ஒரு சீவல் எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்திச் சாயம் ஏற்றிக் கொடுப்பார். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக வரும் அந்த ஸ்லைடில், கட்டிச் செல்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து மார்க்கர் பேனாவால் சுற்றி வளைப்பேன். உள்ளே இருப்பதில் நூற்றுக்கு எத்தனை கட்டிச் செல் என்று ஓரத்தில் எழுதுவேன். அடுத்து, சாயமேற்றாத பத்து மைக்ரான் சீவல்கள். என் ஸ்லைடை அடியில் வைத்து, கோடு தெரிகிற இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி ஒரு சிறு குழாயில் சேர்ப்பார்கள். சைலீன் மெழுகைக் கரைக்கும். புரோட்டினேஸ் என்ற நொதியோடு 56 டிகிரியில் இரவு முழுக்க ஊறும். காலையில் டிஎன்ஏவைப் பிரித்தெடுப்போம்.

அந்தப் பேனா வட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் 100 செல்கள், அவற்றில் 20 மட்டும் கட்டிச் செல்கள். மீதி இரத்தக் குழாய், நார்த்திசு, அழற்சிச் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் கேராஸின் இரண்டு பிரதிகள் உண்டு. கட்டிச் செல்லில் வழக்கமாக அதில் ஒன்றுதான் மாறியிருக்கும். ஆக 200 பிரதிகளில் 20, அதாவது 10 விழுக்காடு. நாங்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய சாங்கர் வரிசைப்படுத்தலோ, மாறிய பிரதி 15 முதல் 20 விழுக்காடாவது இருந்தால்தான் அதைக் காட்டும். திரையில் பெரிய சிகரத்தின் அடியில் இன்னொரு நிறத்தில் குட்டிச் சிகரம் தலைகாட்டும். 10 விழுக்காட்டில் அது அடிக்கோட்டின் இரைச்சலில் கரைந்துவிடும். மாற்றம் கட்டியில் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. வட்டத்தை நாலு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

எல்லாக் கட்டியும் வட்டம் போட வசதியாக வருவதில்லை. சளி சுரக்கும் வகைக் கட்டிகளில் ஸ்லைடு முழுக்க வெளிறிய சளித் தேக்கம்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செல்கள் மிதக்கும். மோதிரச் செல் வகையில் செல்கள் கூட்டமாக நிற்காமல் தனித்தனியாகத் திசுவுக்குள் ஊடுருவிக் கிடக்கும். முப்பது வயதுக்காரர்களிடம் இந்த வகையை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் படிவத்தில் வயதை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். மலக்குடல் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு அறுவை செய்து எடுத்த துண்டு இன்னும் சிரமம். சிகிச்சை நன்றாக வேலை செய்திருந்தால் கட்டி இருந்த இடத்தில் தழும்பும் நாலைந்து செல்களும்தான் மிஞ்சும். நோயாளிக்கு அது நல்ல செய்தி. எனக்கு வேலைக்கு ஆகாத பிளாக்.

அப்போது சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய பயாப்ஸி வேண்டும். அது எங்கோ ஒரு சிறிய ஊரின் லேபில் கிடக்கும். போன் செய்து, யார் எடுத்தது, எந்த மாதம், என்ன எண் என்று கேட்டு, குடும்பத்தில் ஒருவரை அனுப்பி வாங்கிவரச் சொல்வேன். “பெரிய ஆபரேஷன் பண்ணி இவ்ளோ பெருசு எடுத்தாங்களே மேடம், அது இருக்கப்போ கடுகு மாதிரி எடுத்த பழசு எதுக்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவர்களையே பார்க்கச் சொல்வேன். கட்டிச் செல் எது, தழும்பு எது என்று காட்டினால் யாருக்கும் புரிகிறது. அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவார்கள்.

பார்மலின் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. அறுத்தெடுத்த குடலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கழுவி, அட்டையில் விரித்துக் குத்தி, அதைப்போல் பத்து மடங்கு பார்மலினில் மூழ்கடிக்க வேண்டும். பார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். திறக்காமல் போட்டால் அது உட்சுவரை எட்டுவதற்குள் கட்டி அழுகத் தொடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் போனால் டிஎன்ஏ துண்டுதுண்டாகும். பார்மலின் புதிதாகவும், அமிலமாகாமல் காக்கும் உப்புகள் கலந்ததாகவும் இருக்க வேண்டும். பல மாதம் அலமாரியில் நின்ற பார்மலின் ஃபார்மிக் அமிலமாக மாறி டிஎன்ஏவைத் தின்றுவிடும்.

நம் ஊரில் இந்தச் சங்கிலியின் பாதி மருத்துவரின் கையில் இல்லை. தியேட்டரில் யாரோ ஒரு பாட்டிலை எடுத்து, குறுகிய வாய் வழியாகக் குடலைத் திணித்து, மூழ்கியும் மூழ்காமலும் பார்மலின் ஊற்றி வெளியே கொடுப்பார்கள். நோயாளியின் மருமகனோ தம்பியோ அதை மஞ்சள் பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு இரவு பஸ்ஸில் வருவார். அப்படி ஒரு முறை, ஓர் ஊரின் மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை எடுத்த குடல் திங்கட்கிழமை எங்களிடம் வந்தது. திறக்கப்படவில்லை. மூடியைத் தளர்த்தியபோதே வாடை சொல்லிவிட்டது. ஓரத்தில் மட்டும் சாயம் பிடித்தது. நடுவே செல்களின் உட்கருக்கள் நிழல்களாக நின்றன. டிஎன்ஏ எடுத்தோம். பிசிஆரில் பெருகவில்லை. திரும்பவும் எடுத்தோம். மூன்று இடங்களில் ஓரிடம் மட்டும் லேசாகப் பெருகி, மாற்றமில்லை என்று காட்டியது.

அந்த ஒரு இடத்தை வைத்து ‘மாற்றம் இல்லை’ என்று எழுதியிருக்கலாம். மருந்து வாங்கத் தயாராகக் குடும்பம் நின்றது. சிகிச்சை தள்ளிப்போகிறது என்று புற்றுநோய் மருத்துவர் நாளுக்கு இருமுறை கூப்பிட்டார். ‘போதிய தரமுள்ள டிஎன்ஏ இல்லை, விடை சொல்ல இயலாது, வேறு திசு வேண்டும்’ என்றுதான் எழுதினேன். கல்லீரலுக்குப் பரவிய இடத்திலிருந்து ஊசியால் எடுத்துப் புதிதாக அனுப்பினார்கள். அதில் கேராஸின் ஜி12வி என்ற மாற்றம் தெளிவாக இருந்தது. மருந்து வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. அந்த மருமகன் பின்னால் ஒரு நாள் வந்து, பாட்டிலை எப்படி வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் தவறு எதுவுமில்லை என்று சொல்லி, காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை இப்போது படிவத்தோடு சேர்த்தே எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்புகிறோம்.

பார்மலின் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். இல்லாததை இருப்பதாகக் காட்டும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சைட்டோசினின் தலையில் உள்ள அமைன் தொகுதியைப் பார்மலின் கழற்றிவிட்டால் அது யூராசிலாகிவிடும். வரிசைப்படுத்தும்போது சி இருந்த இடத்தில் டி என்று படிக்கப்படும். எதிர் இழையில் நின்று பார்த்தால் ஜி இருந்த இடத்தில் ஏ. கேராஸின் 12ஆம் கோடான், அதாவது 12ஆவது மூன்றெழுத்துத் தொகுப்பு, இயல்பாக ஜிஜிடி. பெருங்குடல் புற்றுநோயில் மிக அதிகமாக வரும் ஜி12டி மாற்றத்தில் அது ஜிஏடி ஆகும். 13ஆம் கோடானில் வரும் ஜி13டியும் இதே ஜி-ஏ மாற்றம்தான். அதாவது, நாங்கள் மிக அதிகமாகத் தேடுவதும் பார்மலின் மிக அதிகமாகச் செய்வதும் ஒன்றே.

பழைய பிளாக்கில் இரண்டு மூன்று விழுக்காட்டில் ஜி12டி என்று இயந்திரம் சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. இன்னொரு சீவலிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுக்கச் சொல்வேன். யூராசில் உள்ள இழைகளை வெட்டியெறியும் நொதி ஒன்றையும் சேர்ப்போம். உண்மையான மாற்றம் அதே அளவில் திரும்பி வரும். பார்மலினின் வேலை என்றால் அடுத்த முறை காணாமல்போகும், அல்லது வேறெங்கோ முளைக்கும். இந்தக் கூடுதல் நாளை யாரும் விரும்புவதில்லை. இல்லாத மாற்றத்தை இருக்கிறது என்று எழுதி, வேலை செய்திருக்கக்கூடிய மருந்தை ஒருவருக்கு மறுப்பதைவிட ஒரு நாள் தாமதம் எவ்வளவோ மேல்.

ஒருவர் திசு இன்னொருவர் ஸ்லைடில் ஏறும் அபாயமும் உண்டு. வெந்நீர்த் தொட்டியில் முந்தைய பிளாக்கின் துகள் மிதந்தால் போதும். அதனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு. தொட்டியின் மேற்பரப்பைக் காகிதத்தால் வழித்தெடுத்த பிறகே அடுத்தது. பிசிஆருக்கு முன்னான அறையும் பின்னான அறையும் தனித்தனி. ஒரு திசையில்தான் நடக்கலாம், பின்னறையில் அணிந்த கோட்டோடு முன்னறைக்குள் வரக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது கெடுபிடியாகத் தெரியும். பெருக்கிய டிஎன்ஏ ஒரு துளி காற்றில் பறந்தால் அடுத்த வாரம் முழுக்க எல்லா நோயாளிக்கும் ஒரே மாற்றம் வரும் என்று சொன்னால் அவர்களே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வருவார்கள்.

எங்கே தேடினோம் என்பதும் விடையின் பகுதிதான். முதல் சில ஆண்டுகள் உலகம் முழுக்க கேராஸின் இரண்டாம் எக்ஸான் என்ற பகுதியை மட்டும், அதிலும் 12, 13 கோடான்களை மட்டும் பார்த்தார்கள். 2013ல் வந்த பனிட்டுமுமாப் ஆய்வு ஒன்று, அந்த இடத்தில் மாற்றமில்லை என்று சொல்லப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினருக்கு கேராஸின் பிற பகுதிகளிலோ என்ராஸிலோ மாற்றம் இருந்ததைக் காட்டியது. கீமோவோடு அந்த மருந்தையும் பெற்ற அவர்களுக்கு நன்மை கிடைக்கவில்லை. நிலைமை மோசமாவதற்கான அறிகுறிகளே தெரிந்தன. நாங்கள் அதுவரை எழுதிய ‘இல்லை’கள் எல்லாம் பொய்யல்ல, தேடிய இடத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் தேடிய இடம் எது என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்த நோயாளிகளைத்தான் திரும்ப அழைத்துச் சோதிக்க முடிந்தது. அன்று முதல் 61, 117, 146 என்று எந்தெந்தக் கோடானைப் பார்த்தோம், எத்தனை விழுக்காடு வரை கண்டுபிடிக்க முடியும், கட்டிச் செல் எவ்வளவு என்ற மூன்றும் இல்லாமல் எங்கள் ரிப்போர்ட் வெளியே போவதில்லை.

இப்போது புதுத் தலைமுறை வரிசைப்படுத்தல் வந்துவிட்டது. பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில், மிகக் குறைந்த விழுக்காட்டிலும் படிக்கலாம். பிராஃப் வி600இ மாற்றத்துக்கும் கேராஸ் ஜி12சிக்கும் தனி மருந்துகள் வந்திருக்கின்றன. மாற்றம் உண்டு என்பதும் இனி கதவை அடைக்கிற செய்தி மட்டுமல்ல. இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேடும் சோதனையும் இருக்கிறது. ஆனால் கட்டி இரத்தத்தில் டிஎன்ஏவை உதிர்க்காவிட்டால் அங்கும் ‘இல்லை’ என்றுதான் வரும். கருவி மாறினாலும் என் கேள்வி மாறவில்லை.

டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்களில் இந்தக் கேள்வி தலைகீழாகிறது. இங்கே புரதம் இல்லாமல்போவதே நோயின் அடையாளம். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கும் செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைப் பிடித்துத் திருத்துபவை. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நகல் எடுக்கும் நொதி வழுக்கும். திருத்துகிற புரதம் இல்லாவிட்டால் அந்த இடங்களின் நீளம் செல்லுக்குச் செல் மாறிப்போகும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இந்த வகை. பெரும்பாலானவை வயதானவர்களுக்கு, எம்எல்எச்1 மரபணுவின் முகப்பு அணைந்துபோவதால் வருபவை. பரம்பரையாக வருவது லிஞ்ச் நோய்க்குறி. மொத்தப் பெருங்குடல் புற்றுநோயில் அது மூன்று விழுக்காடு அளவு.

இதற்கு நான்கு ஸ்லைடுகள். புரதம் இருக்கும் உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே இருக்கும். நீலத்தைப் பார்த்ததும் ‘இல்லை’ என்று எழுதிவிட முடியாது. சாயம் ஏறவே இல்லையோ? அதற்கு அதே ஸ்லைடில் சாட்சி இருக்கிறது. கட்டிக்கு இடையே நிற்கும் லிம்போசைட்டுகளும் நார்த்திசுச் செல்களும் இயல்பானவை. அவை பழுப்பாக இருந்து கட்டிச் செல் மட்டும் நீலமாக இருந்தால்தான் இழப்பு என்று நம்பலாம். எம்எல்எச்1 போனால் கூட்டாளி பிஎம்எஸ்2வும் நிலைக்காது; எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6வும். ஜோடி கலைந்திருந்தால் யோசிக்க வேண்டும். கீமோவும் கதிர்வீச்சும் பெற்ற மலக்குடலில் எம்எஸ்எச்6 தானாகவே மங்கும். அங்கும் பழைய பயாப்ஸியைத்தான் தேடிப் போகிறேன்.

லிஞ்ச் நோய்க்குறியின் கதை 1895ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தொடங்கியது. தையல் வேலை செய்யும் ஒரு பெண், ஆல்டிரெட் வார்த்தின் என்ற நோயியல் நிபுணரிடம், தன் குடும்பத்தில் எல்லோரும் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்றார். அவர் சொன்னபடியே இளம் வயதில் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தார். வார்த்தின் அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாமல் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பதிவு செய்து 1913ல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் 1960களில் அதேபோன்ற குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். காரணமான மரபணுக்கள் தெரியத் தொடங்கியது 1993லும் 1994லும்தான். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தையல்காரப் பெண் சரியாகச் சொல்லியிருந்தார். எங்கள் படிவத்தில் குடும்ப வரலாறு என்ற கட்டம் காலியாக வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்து கோபம் வருகிறது.

முப்பதுகளின் கடைசியில் இருந்த ஒரு பெண்ணின் கட்டியில் எம்எஸ்எச்2வும் எம்எஸ்எச்6வும் இல்லை. சுற்றியிருந்த லிம்போசைட்டுகள் அழகாகப் பழுப்பாக நின்றன. படிவத்தில் குடும்பத்தில் யாருக்கும் புற்று இல்லை என்று எழுதியிருந்தது. வந்திருந்த தம்பியிடம் கேட்டேன். “குடல்ல யாருக்கும் இல்ல மேடம். அம்மாவுக்குக் கர்ப்பப்பைல. அது வேற தானே?” என்றார். வேறல்ல என்று சொன்னேன். அம்மாவுக்கு என்ன வயது, தாத்தா எதில் போனார், பெரியம்மா எதில் போனார் என்று வரிசையாகக் கேட்க, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அன்று மாலை அவருடைய அத்தை தனியாக வந்தார். “எழுதாதீங்கம்மா. வீட்ல ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க.”

அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்னென்ன விசாரிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். இரண்டு விஷயம் சொன்னேன். இந்த ரிப்போர்ட் கட்டியைப் பற்றியது, பரம்பரையா என்பதை இரத்தச் சோதனைதான் உறுதி செய்யும். அதை எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் அந்தந்த ஆளின் விருப்பம், யாருக்கும் தெரியாமல் செய்யமாட்டோம். அடுத்தது, அந்த மாற்றம் அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பதாகத் தெரிந்தால் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்து, கட்டியாகும் முன்பே பாலிப்பை எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் அவர்களும் அக்காவைப் போலத்தான் இங்கே வந்து நிற்பார்கள். ரிப்போர்ட்டை உள்ளது உள்ளபடி எழுதினேன். தம்பி இரத்தம் கொடுத்தார். அவருக்கு மாற்றம் இருந்தது. முதல் கொலனோஸ்கோப்பியிலேயே ஒரு பாலிப் எடுத்தார்கள்.

சிகிச்சைக்கும் இந்த ஸ்லைடுகள்தான் வாசல். 2017ல், எந்த உறுப்பின் கட்டியானாலும் பிழைதிருத்தம் இல்லாத வகை என்றால் பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தரலாம் என்று அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2022ல் நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையினர், இதே வகை மலக்குடல் கட்டியோடு இருந்த முதல் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்து, அத்தனை பேருக்கும் கட்டி மறைந்ததாக வெளியிட்டார்கள். அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. ஆகவே நான்கு ஸ்லைடும் அறுவைக்குப் பிறகல்ல, முதல் பயாப்ஸியிலேயே பார்க்கப்பட வேண்டும். இதற்காக நான் சண்டை போடாத அறுவை மருத்துவர் குறைவு.

சில மாதங்களுக்கு முன் பதின்ம வயதுப் பையன் ஒருவனின் பயாப்ஸி வந்தது. பிஎம்எஸ்2 ஸ்லைடில் கட்டி நீலம். லிம்போசைட்டும் நீலம், இயல்பான குடற்சுவரும் நீலம். வழக்கப்படி சாயம் தவறிவிட்டது என்று டெக்னீஷியன் திரும்பப் போட்டார். மீண்டும் எல்லாம் நீலம். அருகிலேயே ஒட்டியிருந்த வேறொருவரின் ஒப்பீட்டுத் திசு பழுப்பாக இருந்தது, சாயத்தில் குறையில்லை. பையனின் பெற்றோரை வரச்சொன்னேன். அவனுடைய கையிலும் முதுகிலும் வெளிறிய காப்பி நிறத்தில் திட்டுகள் இருந்தன. அப்பா தன் அக்கா மகளைக் கட்டியவர். “எங்க பக்கத்துல யாருக்குமே இது கிடையாதே டாக்டரம்மா” என்றார். பிஎம்எஸ்2வில் அப்படித்தான், ஒரு பிரதி மட்டும் மாறியவர்கள் பலர் கடைசிவரை நோயில்லாமலே வாழ்ந்துவிடுவார்கள். சொந்தத்தில் மணம் நடக்கும்போது ஒரே மாற்றம் இருபக்கமும் வந்து சேர்ந்து, குழந்தையின் உடம்பில் எந்தச் செல்லிலும் அந்தப் புரதம் இல்லாமல்போகிறது. மூளையிலும் இரத்தத்திலும் குடலிலும் சின்ன வயதிலேயே புற்று வரும்.

இந்த மரபணுவைப் போலவே தோற்றமுள்ள செயலற்ற நகல்கள் மனித டிஎன்ஏவில் பல உண்டு. குழம்பாமல் படிக்கத் தனி முறை தேவை. அதைச் செய்யும் லேபுக்கு இரத்தம் அனுப்பினோம். இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் உறுதியானது. பையனுக்கு இம்யூனோதெரபி தொடங்கியிருக்கிறார்கள். மூளை ஸ்கேனும் குடல் சோதனையும் இனி அவனுக்குக் காலமெல்லாம் தொடரும். தங்கையின் இரத்தத்தில் ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தது. அவள் எந்த வயதில் கொலனோஸ்கோப்பி தொடங்க வேண்டும், பின்னாளில் சொந்தத்தில் திருமணம் பேசினால் எந்தச் சோதனையை முதலில் கேட்க வேண்டும் என்று மரபியல் ஆலோசகர் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகல் ஒன்று பையனின் நான்கு ஸ்லைடுகளோடு எங்கள் கோப்பில் இருக்கிறது.